எலும்பு ஊறும் வரை

"கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அப்பா, ஏதோ ஒழுகும் குழாயைப் பற்றிப் பேசுவதுபோல. மகளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டி. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "புற்றா இல்லையான்னு இதை வச்சு சொல்ல முடியாது. பயாப்சி பண்ணியே ஆகணும்," என்று சொல்லியிருந்தார்.

"கால்ல தழும்பு விழுந்தா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

"காலே போயிட்டா என்ன சொல்லுவாங்கப்பா?" என்றாள் மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பொருத்தமான பெயர்தான்.

அவள் தம்பிக்குப் பந்து விளையாடிக் கால் சுளுக்கியபோது குடும்பமே ஆஸ்பத்திரியில் குடியிருந்தது. ஆண்பிள்ளைக் கால் அல்லவா, அதற்கு மவுசே தனி! பெண்ணின் கால் மணமேடை வரைக்கும் நடந்தால் போதும். அம்மா அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டினாள், "வாடி," என்றாள்.

எலும்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். பரிசோதனைக்கூட டாக்டரம்மா விளக்கினார்: "எலும்பு கல்லு மாதிரிம்மா. ஆசிட்ல ஊறி இளகினாத்தான் மெல்லிசா சீவி மைக்ரோஸ்கோப்ல பாக்க முடியும். கொஞ்சம் நாளாகும்."

யாருக்கும் தெரியக் கூடாது என்று எல்லோர் வாயையும் பூட்டிய அப்பாவே, பதற்றத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஃபோனில் உளறிவிட்டார். "இன்னுமா ரிசல்ட் வரல? அப்ப பெரிய வியாதிதான்," என்று மைக்ரோஸ்கோப்பே இல்லாமல் அவர்கள் முடிவு கட்டினார்கள். சம்பந்தம் வேண்டாமாம். மாப்பிள்ளை அதற்குப் பிறகு ஃபோனையே எடுக்கவில்லை. அம்மாவின் மடியில் படுத்து அழுதாள் வாயாடி. கல்யாணம் போனதற்காக அல்ல, கால் போய்விடுமோ என்று.

ரிசல்ட் வந்தது. சாதாரணக் கட்டி, புற்று இல்லை. சுரண்டி எடுத்துவிட்டால் போதும். அம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்றார்கள், வாயெல்லாம் பல்லாக.

"ஒண்ணும் இருக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாள் குறிச்சிடலாமா?"

அப்பா நாற்காலிகளை இழுத்துப்போட ஓடினார். வாயாடி, கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் நன்றாக நீட்டி வைத்துக்கொண்டாள்.

"என் எலும்பு பரவாயில்லைங்க, ஊறினதும் இளகிடுச்சு. உங்க மனசு இன்னும் கொஞ்சம் ஊறட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அப்பா அசடு வழிந்தபடி உள்ளே திரும்பி, "அடியே, டீ என்னாச்சு?" என்று கத்தினார்.

அம்மா அடுப்பை அணைத்தாள்.