கோட்டைக் கதவு திறந்த நாள்

மகனைப் பார்க்கத்தான் புருஷனும் பெண்டாட்டியும் கடல் கடந்து வந்திருந்தார்கள். வேலை பார்த்த கிடங்கில் நடந்த அடிதடியில் ஒருவன் செத்துப்போக, மகன் அந்த நாட்டுச் சிறையில் இருந்தான். ஒரே ஒரு சந்திப்புக்குத்தான் அனுமதி. மறுநாள் ஊர் திரும்ப வேண்டும்.

சிறைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் பஸ் மாற வேண்டியிருந்தது. இறங்கியதுமே மேளச் சத்தம். தெருவெல்லாம் பழங்காலத்து உடையில் ஆட்கள், தகர வாள்கள், குதிரைகள். முன்னொரு காலத்தில் முற்றுகையிட்ட எதிரிகள் ஓடிப்போக, பட்டினி கிடந்த ஊர்மக்கள் கோட்டைக் கதவைத் திறந்த நாளாம். டிக்கெட் கொடுப்பவர் பாதி ஆங்கிலம், பாதி சைகையில் விளக்கினார்.

"ஏங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமா?"

"நேரமாயிடும்."

"அடுத்த பஸ்ஸுக்குத்தான் நேரம் இருக்கே. இங்கயே உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

தீர்ப்பு வந்ததிலிருந்து அவள் எதையும் வேண்டுமென்று கேட்டதே இல்லை. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கோட்டை வாசலில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்து இழுத்து, கிழிசல் போர்வை ஒன்றைப் போர்த்தி, பட்டினி கிடந்த ஊர்மக்களின் வரிசையில் நிறுத்திவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை ஒட்டவைத்து, எப்படி நடப்பதென்று செய்தும் காட்டினாள்.

"பட்டினி கிடக்க நமக்கே சொல்லித் தராங்க, பாருங்க!" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

கதவு திறந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. திரும்பி நடந்தபோது குதிரை ஊர்வலம் தெருவை அடைத்திருந்தது. போலீஸ்காரர் யாரையும் குறுக்கே விடவில்லை. அவரிடம் புருஷன் சிறையின் அனுமதிக் கடிதத்தைக் காட்டினார், கும்பிட்டார், கெஞ்சினார். ஊர்வலம் முடியும்வரை பஸ்ஸும் இல்லை, டாக்சியும் இல்லை.

சிறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. அவள் வரவேற்பறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காவலர் ஒருவர் மனமிரங்கி, உள்ளே இருந்த மகனோடு அவள் போனில் பேச மட்டும் ஏற்பாடு செய்தார்.

"பஸ் ரிப்பேர்னு சொல்லிடு," என்று புருஷன் கிசுகிசுத்தார்.

"எங்கம்மா போனீங்க?" என்றான் மகன். "ஷேவ் பண்ணி, சட்டை மாத்தி, காலையிலேர்ந்து உக்காந்திருந்தேன்."

"வழியில திருவிழாடா. நான்தான் பாக்கணும்னு அப்பாவை இழுத்துட்டுப் போனேன். வழியை அடைச்சுட்டாங்க. தப்பு என்னோடதுதான்."



"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இருந்துச்சுடா," என்றாள். அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவள் கேட்டாள்: "கோவத்துல கேட்டானா, நெஜமாவே கேட்டானா?"

"போன் உன் காதுலதானே இருந்துச்சு," என்றார் அவர்.

ஊருக்கு வந்ததும் மகனைப் பார்க்க மறுபடி மனுப் போட்டார்கள். இன்னும் பதில் வரவில்லை. இரண்டு பேரும் அந்தத் திருவிழா ஊரைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.