தட்டு வைப்பதற்குள் ஒரு விருப்பப் பாடம்

1

இந்தக் கதை ஒரு மௌனத்தில் பிறந்தது. மௌனம் என்னுடையது. ஆனால் நான் மௌனமாக இருக்கவில்லை. என் கைபேசி பூட்டிய அலமாரிக்குள் கிடந்தது. நான் நாலு சுவர் தள்ளி, மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டில் என் பெயரில் ஓர் ஓட்டு விழுந்துவிட்டது.

அதைத் திரும்ப எடுக்கத்தான் இந்தக் கதை. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி நான் சொல்கிறேன், கைபேசி எழுதிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்பவர் என்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். பார்க்கட்டும்.

வீட்டாருக்காக எழுதுவது இது. வெளியாள் யாராவது படித்தால் திகைக்கக் கூடாது என்பதால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். அப்பா பேருந்து ஓட்டுநர். சித்தப்பா காப்பீட்டு முகவர். பேச ஆரம்பித்தால் எந்த நிறுத்தத்திலும் நிற்காத வண்டி. தங்கை ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறாள். வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். சிறுத்தாலும் காரம் போகாது என்பதைத் தினமும் நிரூபிக்கிறாள்.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. எந்த முடிவானாலும் குடும்பக் குழுவில் கேள்வியாகப் போட வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைப்பதற்குள் பதில் சொல்லாதவர் சம்மதித்ததாகக் கணக்கு.*

(* வீட்டுக்குக் கிளிப்பச்சை வண்ணம் அடித்தது இப்படித்தான். சித்தப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் "நான் குளிச்சது ஒரு குத்தமா?" என்பார்.)

2

எப்படித் தொடங்குவது?

"பள்ளிக்கூட மணி அடித்தபோது கடுகு ஜன்னலுக்கு வெளியே…"

(விட்டுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பெண்கள் கதைகளில் ஏற்கெனவே நெரிசலாக நிற்கிறார்கள்.)

"மேல்நிலைப் பள்ளிகளில் விருப்பப் பாடத்தின் முக்கியத்துவம் என்பது…"

(இது சித்தப்பாவின் குரல். கதவைச் சாத்தினாலும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறார்.)

கடுகு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் கொட்டினாள்.

இது சரி. இது நடந்தது. போன மழைக்கு எங்கள் வரிசை வீடுகளுக்குள் மட்டும் தண்ணீர் ஏறியது, எதிர் வரிசை காய்ந்து கிடந்தது. ஏன் என்று கேட்டால் "பள்ளம், வேறென்ன" என்றார்கள். கடுகுக்கு அது போதவில்லை. தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவர் சுவராகச் சாக்பீஸில் குறித்தாள். பிறகுதான் வாளி.

தையற்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தண்ணி என்ன சும்மாவா வருது?"

"கொஞ்சம் காலை எடுங்க மாமா, அது போகணும்."

"எங்க போகணும்?"

"அதைத்தானே பாக்கப் போறேன்!"

தண்ணீர் சாக்கடைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தின் புது மதில் வரை போனது, முட்டியது, யோசித்தது போல நின்றது, பிறகு மதிலை ஒட்டியே திரும்பி நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. கடுகு அதன் பின்னாலேயே குனிந்தபடி வந்தாள். புவியியல் டீச்சர் அந்த வழியாக வந்தார். திட்டப்போகிறார் என்று தெருவே காத்திருந்தது.

"இன்னொரு வாளி இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

3

பத்தாம் வகுப்பில் கட்டாயப் பாடங்கள் போக ஒரே ஒரு விருப்பப் பாடம். உயிரியலும் புவியியலும் ஒரே பாடவேளையில் நடக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை. இரண்டு வருடத்துக்கு மாற்றவும் முடியாது. நாளைக் காலை கடுகு வகுப்பில் எழுந்து நின்று தன் பாடத்தைச் சொல்ல வேண்டும்.

நேற்று அம்மா குழுவில் போட்ட கேள்வி இது: "கடுகு உயிரியல் எடுக்கிறாள், சரிதானே?"

அடுத்து வீட்டில் நடந்ததைக் கடுகு குரல்பதிவாக அனுப்பியிருந்தாள். பாதி பேச்சு, பாதி அழுகை, பின்னணியில் பாத்திரம். மிச்சத்தை நான் நிரப்புகிறேன்.

"உயிரியல்ல நீ எடுக்கிற மார்க்குக்கு எவளாவது புவியியல் படிப்பாளா?" என்றார் அம்மா. "நான் நின்னு நின்னு கால் வீங்கிக் கிடக்கேன். என் பொண்ணு உக்காந்து மருந்து எழுதட்டும். வேற யாராவது நின்னு எடுத்துக் குடுக்கட்டும்."

"அண்ணி சொல்றதுதான் சரி," என்றார் சித்தப்பா. "ஊர் உலகத்துல எங்க எந்த மலை இருக்குன்னு இப்ப போனே சொல்லிடுது. இதுக்கு ஒரு டீச்சர், ஒரு புத்தகம்!"

"மலை எங்க இருக்குன்னு நான் கேக்கவே இல்லையே சித்தப்பா. நம்ம வீட்டுக்குள்ள ஏன் தண்ணி வந்துச்சுன்னு உங்க போனைக் கேளுங்க."

"வாய் மட்டும் வடக்கு தெற்கு எல்லாத் திசையிலயும் போகுது."

"அதுவும் புவியியல்தான்."

அப்பாவும் உயிரியலுக்கே ஓட்டுப் போட்டார். பேருந்து ஓட்டுபவருக்கு…

(நிறுத்துகிறேன். இங்கே ஒரு தவறு செய்தேன்.)

4

முதல் வடிவத்தில் அப்பாவை நான் எதிராளியாக எழுதினேன். "எந்த ரோடு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? நான் புவியியலா படிச்சேன்?" என்று அவருக்கு ஒரு வசனமும் கொடுத்தேன். நல்ல வசனம். கைதட்டல் வாங்கும். கடுகுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அக்கா, அப்பா அப்படிச் சொல்லவே இல்ல. அவர் எனக்குத்தான் கை தூக்கினார்."

"நிஜமாவா?"

"சத்தியமா. 'மழை நாள்ல எந்த ரோடு முழுகும்னு இவளைக் கேட்டுட்டுத்தான் நான் வண்டியே எடுக்கறேன்'னு சொன்னார். அம்மா முறைச்சாங்க. ஆனாலும் கையை இறக்கல."

ஆகவே வசனத்தை அப்பாவிடமிருந்து பிடுங்கிவிட்டேன். சித்தப்பாவுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அவர் எதையும் வேண்டாம் என்பதில்லை.

இரண்டுக்கு இரண்டு. தட்டும் வைத்தாகிவிட்டது. பெரியவளான நான் பதில் போடவில்லை. கேள்வி "உயிரியல், சரிதானே" என்பது. ஆக, பெரியவளும் சரி என்றதாகக் கணக்கு. நேற்று ராத்திரி கடுகு சாப்பிடவில்லை.

5

ஒரு வசனத்தை மறைத்துவிட்டேன். இந்தக் கதையை எழுதுவது கஷ்டமானது அதனால்தான்.

தட்டு வைக்கும்போது அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாராம்: "ஒருத்தியைக் கடல் தாண்டி அனுப்பிட்டு உக்காந்திருக்கேன். இன்னொருத்தி கையிலயும் உலக மேப்பைக் குடுக்கச் சொல்றீங்களா?"

என் முதல் வடிவத்தில் இதற்குப் பதில் எழுத வேண்டிய இடம் வெற்றாக இருந்தது.

[                    ]

இரண்டு பேருந்தை விட்டுவிட்டேன். இப்போது நிரப்புகிறேன்.

அம்மா, உயிரியல் படித்தவள் நான். போனவளும் நான்தான். வெள்ளைக் கோட்டுப் போடுவேன் என்று நினைத்தீர்கள், துவைக்கிறேன். வேலை மோசமில்லை, அதைச் சொல்லவில்லை. பாடத்துக்கும் போவதற்கும் சம்பந்தமில்லை என்கிறேன். கடுகு ஒருநாளும் உலகப் படத்தைப் பார்த்து நின்று நான் கண்டதில்லை. அவள் பார்ப்பது நம் தெருவை. நம் வாசலை. நம் சுவரில் சாக்பீஸ் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை. இந்த வீட்டில் தங்கிவிடக்கூடியவள் யார் என்று கேட்டால், இந்த வீடு ஏன் நனைகிறது என்று கேட்கிறவள்தான். அவளை உட்கார வைத்துப் பூவின் பாகம் வரையச் சொன்னால் நன்றாகவே வரைவாள். முழு மதிப்பெண் வாங்குவாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்கவும் ஆரம்பிப்பாள்.

(ஜன்னல் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இருக்கட்டும், இங்கே தேவைப்படுகிறது.)

6

முடிவுகள்.

முதலாவது: கடுகு உயிரியல் எடுத்து மருத்துவராகிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். நடக்கக்கூடியதுதான். பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இரண்டாவது: கடுகு புவியியல் எடுக்கிறாள், மதிலில் வழி விடச் சொல்லிப் பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறாள், தெருவே மாலை போடுகிறது, தையற்கடை மாமா கண்ணைத் துடைக்கிறார். இதை நானே நம்பவில்லை. அந்த மனிதர் அளவெடுக்கும்போதுகூடக் கண் சிமிட்டாதவர்.

மூன்றாவது: கடுகு புவியியல் எடுக்கிறாள். அடுத்த மழைக்கும் தண்ணீர் வருகிறது. ஆனால் எந்தப் பக்கம் சாமான்களை முதலில் தூக்க வேண்டும் என்று வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா நாற்காலி மேல் கால் தூக்கி உட்கார்ந்து, "அடுத்து எங்கடி வரும்?" என்று கேட்கிறார்.

எனக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது. ஆனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும், எல்லோருமாக.

ஆகவே, விதிப்படி, குழுவில் கேள்வி போடுகிறேன்:

"கடுகு புவியியல் எடுக்கிறாள், சரிதானே?"

அங்கே இப்போது சமையல் முடிகிற நேரம். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டப் போகிறேன். வெளியே வரும்போது நீங்கள் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். மாட்டேன் என்பவர் தட்டு வைப்பதற்குள் காரணத்தோடு சொல்லலாம். அம்மா, நீங்கள் சொன்னால் முழுதாகக் கேட்பேன்.

பேசாமல் இருப்பவர் சம்மதித்ததாகக் கணக்கு.

சித்தப்பா, தயவுசெய்து இப்போது குளிக்கப் போங்கள்.