பட்டியலில் இல்லாத பத்தொன்பது வீடுகள்

முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்றில் பத்தொன்பது வீடுகள் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தன. மற்ற எல்லாருக்கும் தெரிந்தன. மீன்காரருக்கும், தனியார் பஸ் நடத்துநருக்கும், மாடு தேடி வருகிறவர்களுக்கும் அங்கே தகரக் கூரையும் கிடுகு வேலியும் கொடியில் காயும் துணிகளும் இருந்தன. நில அளவையாளர் வந்தபோது மட்டும் அது வெறும் பற்றைக்காடு. பலசரக்குக் கடை லாபிரின் குசினிக்குக் குறுக்கே அவர் நாடாவை இழுத்துப் பிடித்தார். அடுப்பில் கால் இடறியபோது மரவேர் என்று எண்ணிக் காலைத் தடவிக்கொண்டு போனார். குடும்பநலத் தாதி ஒருத்தி, அந்தக் காட்டுப் பக்கம் மீன் பொரிக்கிற வாசம் வருகிறதென்று குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். தொண்ணூறில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, இருபத்திரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் அவை. அவர்களின் வீட்டுத்திட்ட விண்ணப்பங்கள் இருந்த கோப்பை ஒரு மாரி வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பெயர் பட்டியலில் ஏறவில்லை. ஏறாத பெயருக்குரியவர்களை உத்தியோகத்தர்களால் பார்க்கவோ கேட்கவோ முடியவில்லை. வவுனியாச் சட்டத்தரணி தில்லைநாதன் இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது வியக்கவில்லை. வழக்குக்கு இது உதவுமா என்றுதான் யோசித்தார்.

வழக்கு றுக்ஷானாவுடையது. அவளுடைய வாப்பா முதல் ஆளாக ஊர் திரும்பிப் பதிந்தவர் என்பதால் அவள் வீடு பட்டியலில் இருந்தது. அவளை எல்லாருக்கும் தெரிந்தது. பட்டம் முடித்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் முல்லைத்தீவு வீதியில் போட்டோக்கொப்பியும் தட்டச்சும் செய்கிற சிறிய கடையொன்றை வைத்திருந்தாள். வீட்டுத்திட்டப் பட்டியலுக்குப் பொறுப்பாயிருந்த பரமலிங்கம் என்ற உத்தியோகத்தருக்குக் கணினி சரிவரவில்லை. தன் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அவளிடம்தான் வருவார். "நீயே உள்ளுக்குப் போய்ப் போட்டுவிடு பிள்ளை, எனக்கு இந்த மெசினோட மல்லுக்கட்ட ஏலாது" என்று, தன் கடவுச்சொல்லை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்தும் திகதியும் போட்டுக் கொடுத்தார். எட்டு மாதம் அவள் அவருடைய வேலையைச் செய்தாள். ஒன்பதாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடைத்தெரு அடங்கியிருந்த நேரம், யாரும் கேட்காமலே அந்தப் பத்தொன்பது குடும்பங்களின் பெயர்களையும் பட்டியலில் ஏற்றினாள். திங்கட்கிழமை காலை அதே அளவையாளர் லாபிரின் முற்றத்தில் வந்து நின்று, "இதென்ன, இஞ்ச வீடெல்லாம் கிடக்குது" என்றார். அந்த வருடமே அத்திவாரங்கள் வெட்டப்பட்டன. தாதி ஒரே நாளில் பதினொரு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாள்.

பதிவுகள் வெளிக் கணினியொன்றிலிருந்து போனதைக் கணக்காய்வில் கண்டுபிடித்தார்கள். கொழும்பிலிருந்து பொலிசார் வந்து கடைக் கணினியை வெள்ளைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தமை ஒன்று, தரவுகளை மாற்றியமை ஒன்று என்று கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இரண்டு குற்றச்சாட்டுகள். பரமலிங்கம் தன் வாக்குமூலத்தில் அந்தப் பெண்ணைத் தனக்குத் தெரியாது என்றார்.

தில்லைநாதனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வடமராட்சியிலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வயல் செய்ய வந்த கமக்காரரின் மகன். காணி வழக்குகளில் பெயரெடுத்தவர். கணினிக் குற்றம் அவருக்குப் புதிது. ஆனாலும் சட்டத்தை மூன்று வாரம் வாசித்துவிட்டு, வெல்லலாம் என்று நம்பினார். அனுமதி கொடுத்ததற்கு டிக்கெட் சாட்சி. பெயர்கள் பொய்யில்லை என்பதற்குப் பத்தொன்பது வீடுகள் சாட்சி. றுக்ஷானா டிக்கெட்டைக் குர்ஆன் வைக்கிற அலுமாரியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இது கவனம் சேர். என்னட்ட வேற ஒண்டும் இல்லை" என்றாள். அவர் அதைக் கோப்புக்குள் வைத்தார். வழக்கு முடியும்வரை பெயர்கள் பட்டியலில் இருக்கலாமென்று நீதிமன்றம் உத்தரவிட்டிருந்ததால், தண்ணீரூற்றில் கல் அடுக்குகிற வேலை நடந்துகொண்டிருந்தது.

ஒரு பின்னேரம் பரமலிங்கம் தில்லைநாதனின் வவுனியா வீட்டுக்கு வந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே வாய்க்காலில் குளித்தவர்கள். தில்லைநாதனின் மனைவி விமலேஸ்வரி கதிரை போட்டாள். பரமலிங்கம் இருக்கவில்லை.

"பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம் மச்சான்," என்றார். "அந்தப் பஸ் ரிக்கற்றை மட்டும் வெளியில எடுக்காதை. வேற என்ன வேணுமெண்டாலும் செய்."

தில்லைநாதன் மறுக்காமல் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அதே வாரம் அரச சட்டத்தரணி ஒரு வழி சொன்னார்: முதல் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டால் இரண்டாவதைக் கைவிடலாம், ஒத்திவைத்த சிறைத்தண்டனைதான், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். விளக்கத்துக்கு எடுத்துச் சாட்சிகளை விசாரித்தால் ஐந்தாறு வருடம் இழுபடும் என்பது தில்லைநாதனுக்குத் தெரியும். இப்படி முடித்தால் யாரும் அழிய மாட்டார்கள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மற்றவர்களை ஏமாற்றியதை விடத் தன்னை அன்று ஏமாற்றிக்கொண்டதே பெரிது என்று பிற்காலத்தில் அவருக்குத் தோன்றியது.

நீதிமன்றத்து வேப்பமரத்தடியில் நின்று றுக்ஷானா கேட்டாள்: "சேர், நான் பொய்ப் பேர் ஒண்டும் போடேல்லையே. நான் குற்றவாளி எண்டு சொன்னா அந்தப் பேரெல்லாம் பொய்யாப் போயிடாதா?"

"அது வேற, இது வேற பிள்ளை. பேருகளுக்கு ஒண்டும் நடக்காது."

"என்ர நியமனம்?"

"அதையும் பாப்பம்."

 "நீங்க சொன்னாச் சரி சேர்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டபோது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொன்னாள். டிக்கெட் தில்லைநாதனின் கோப்புக்குள்ளேயே இருந்தது.

அது வியாழக்கிழமை. குற்றத்தின் மூலம் உண்டான பதிவுகள் என்று அலுவலகம் அந்தப் பத்தொன்பது பெயர்களையும் வெள்ளிக்கிழமை அழித்தது. சனிக்கிழமை வந்த லொறி, பற்றைக்காட்டுக்குள் கேட்பாரற்றுக் கிடந்த கல்லையும் சீமெந்தையும் ஏற்றிக்கொண்டு போனது. லாபிர் லொறிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். கூட வந்த உத்தியோகத்தர் அவர் தோளில் மோதி, முள்ளுமரம் என்று நினைத்து விலகிப்போனார். இரண்டு மாதத்தில் நியமனப் பட்டியலிலிருந்து றுக்ஷானாவின் பெயரும் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு அரச பஸ்ஸில் அவளிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. அவள் ஏறி ஒரு மூலையில் நிற்பாள்; இறங்க வேண்டிய இடத்தில் வேறு யாராவது மணியடித்தால்தான் இறங்குவாள்.

தில்லைநாதன் மீளாய்வு மனு எழுதினார். பத்தொன்பது குடும்பங்களிடமும் சத்தியக்கடதாசி வாங்கி இணைத்தார். பதிவாளருக்கு அவை வெற்றுத் தாள்களாகத் தெரிந்தன. தாள் வீணாகிறதென்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எஞ்சியது அந்த டிக்கெட் மட்டும்தான். அதில் பரமலிங்கத்தின் கையெழுத்து இருந்தபடியால் நீதிபதிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் வாசித்தார்.

"இது எவ்வளவு காலமாக உங்களிடம் இருக்கிறது?"

"பதினான்கு மாதம், ஐயா."

"ஒப்புதலுக்கு முன்னரேயா?"

"ஓம், ஐயா."

நீதிபதி திட்டவில்லை. "விளக்கத்தில் இதைத் தந்திருந்தால் நான் பார்த்திருப்பேன்" என்று மட்டும் சொல்லி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவளே கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாதென்று மனு தள்ளப்பட்டது. பரமலிங்கம் பென்சனில் போய் ஜெயபுரத்தில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி.

றுக்ஷானா தன் சட்டத்தரணியை ஒரு வார்த்தை ஏசவில்லை. டிக்கெட்டைப் பற்றிக் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் தில்லைநாதன் அன்றே சொல்லியிருப்பார். தண்ணீரூற்றுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் பாதி வழியிலுள்ள நெடுங்கேணி வரைக்கும் போய்த் திரும்பினார். இப்படியே மூன்று வருடம் போனது. வழக்குப் பேசுவதில் அவருக்கு விருப்பம் போயிற்று. ஒரு அரச திணைக்களத்தில் சட்ட உத்தியோகத்தர் பதவி வந்தபோது, "மாதம் முடிய நிம்மதியா இருக்கலாமே, எடுங்கோ" என்றாள் விமலேஸ்வரி. எடுத்தார். முதல் சம்பளம் வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இனியும் ஒத்திப்போடுவதில்லை என்று பஸ் ஏறித் தண்ணீரூற்றில் இறங்கினார்.

பத்தொன்பது வீடுகள் இருந்த இடத்தில் நாயுருவியும் ஈச்சம்பற்றையும் நின்றன. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று முதலில் நினைத்தார். பிறகுதான் தன் சட்டைப்பையில் இருந்த அலுவலக அட்டையும், தானும் இப்போது அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் என்பதும் நினைவுக்கு வந்தன. வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கியது வாங்கியதுதான். றுக்ஷானாவின் வீட்டுப் பக்கம் போனார். அங்கே வீடு இருந்தது, வாசல் திறந்திருந்தது, ஆளில்லை. ஒரு கதவு மட்டும் தானாகச் சாத்திக்கொண்டது.

திரும்பி வந்து பற்றைக்காட்டு நடுவில் நின்று அவர் பேசினார். பரமலிங்கம் வீட்டுக்கு வந்ததையும், டிக்கெட்டைக் கோப்புக்குள்ளேயே வைத்திருந்ததையும், பேருகளுக்கு ஒண்டும் நடக்காது என்று தெரியாமல் சொன்னதையும் வரிசையாகச் சொன்னார். "றுக்ஷானா, நான் உனக்குச் செய்தது துரோகம் பிள்ளை" என்றார். வழியால் போன சைக்கிள்காரர் ஒருவர் நின்று கேட்டுவிட்டு, அவர் தலைக்கு மேலாகப் பார்த்து யாருக்கோ தலையாட்டிப் போனார். தில்லைநாதனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முழங்காலுக்குப் பின்னால் கதிரையின் விளிம்பு வந்து தட்டியது. இருந்தார். கையில் சூடான கோப்பையொன்று வைக்கப்பட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இஞ்சி போட்ட தேத்தண்ணி. கொடுத்தது றுக்ஷானாவா லாபிரா என்று தெரியவில்லை. மன்னித்துக் கொடுத்ததா, வீடு தேடி வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிற வழக்கத்துக்காகக் கொடுத்ததா என்றும் தெரியவில்லை. குடித்து முடித்து வெறுமைக்குள் கோப்பையை நீட்டினார். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறார். பற்றைகளைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டார். கொடியில் காயும் துணி முகத்தில் பட்டால் குனிந்துகொள்வார். கதிரையைத் தடவிப் பார்த்து இருப்பார். சில நாளில் தேத்தண்ணி வரும், சில நாளில் வராது.