யன்னலை உடைத்தவன்

சனிக்கிழமை பின்னேரம் பாஸ்டர் பவிதரன் வந்து சுஜித்தாவின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அடுத்த நாள் ஆராதனையில் அவள் எழும்பிச் சொல்ல வேண்டிய சாட்சி அதில் எழுதியிருந்தது. ஞானஸ்நானம் எடுத்த மூன்று வருடத்தில் அவளும் பல சாட்சிகளைக் கேட்டவள்தான். பட்டவர் பட்டதைச் சொல்வதுதான் சாட்சி என்று நம்பியிருந்தாள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

‘எங்கள் ஜெபவீட்டின் யன்னலை அயலவர் இரும்புக் கம்பியால் அடித்து உடைத்தார்கள். அதை நான் என் கண்ணால் கண்டேன்.’

கண்டது உண்மை. அதுதான் வம்பு.

ஜெபவீடு இருப்பது தமிழரின் பாண்டிருப்பு முடிந்து முஸ்லிம்களின் மருதமுனை தொடங்கும் எல்லை ஒழுங்கையில். ஒரு பக்கத்து வீடு சுஜித்தாவுடையது, மறுபக்கம் சபியா உம்மாவுடையது. கார்த்திகை வெள்ளம் ஏறிய அன்று பாஸ்டர் கொழும்பில் நின்றார். ஜெபவீட்டுச் சாவியும் அவரோடு கொழும்பில் நின்றது. சபியா உம்மாவின் மகன் முபீன் கல்முனைச் சந்தையில் மீன் விற்பவன். இடுப்பளவு தண்ணீரில் கம்பியோடு வந்தான்.

“அக்கா, உள்ளுக்குப் புத்தகமெல்லாம் மிதக்குது. யன்னல உடைக்கப் போறன். உங்கட பாஸ்டர் ஏசினா நான்தான் எண்டு சொல்லுங்க.”

உடைத்தான், புகுந்தான். பாய்களையும் ஒலிபெருக்கியையும் தோளில் தூக்கியவன், வேதப் புத்தகங்களை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். கண்ணாடி கிழித்து முழங்கை வரை இரத்தம். சபியா உம்மா அத்தனை புத்தகங்களையும் மேல்மாடியில் விரித்து, தாள் தாளாகப் புரட்டிக் காயவைத்தார். சுஜித்தாவுக்கும் மகளுக்கும் நாலு நாள் அந்த மாடியில்தான் சோறு.

அந்த யன்னலைத்தான் பாஸ்டர் திரும்பி வந்து நாலு பக்கமும் படம் எடுத்திருந்தார். தாளை வாசித்து முடித்துச் சுஜித்தா கேட்டாள்.

“பாஸ்டர், முபீன் ஏன் உடைச்சான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும். இதுல பொய் என்ன இருக்கு தங்கச்சி? கம்பி உண்மை, யன்னல் உண்மை, அயலவன் உண்மை. ஏன் எண்டத மட்டும் விட்டிருக்கன். நாளைக்கு வாறவங்க கொழும்புச் சபை ஆக்கள். வீடியோ எடுத்துப் போடுவாங்க. நமக்கு ஒரு கட்டடம் வரும். உங்கட வீட்டுக் கூரைக்கும் காசு கேட்டிருக்கன்.”

“பொலிஸ் முபீனப் பிடிச்சிக்கிட்டுப் போனா?”

“பேர் சொல்லல்லியே.”

பேர் சொல்லவில்லையாம்! அந்த ஒழுங்கையில் வேறு எத்தனை அயலவர்? உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, ஒன்றும் அறியாத எத்தனை முஸ்லிம் பொடியன்மார் மாதக் கணக்கில் சிறையில் கிடந்தார்கள் என்பது இந்தக் கரையில் யாருக்குத் தெரியாது? தேவாலயத்தை உடைத்தவன் என்று ஒரு வீடியோ போதும், முபீனின் வாழ்வு முடிந்தது.

“பயமா இருந்தா விசுவாசம் காணாது எண்டு அர்த்தம்” என்றுவிட்டுப் பாஸ்டர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

சுஜித்தா அடுப்படியில் நின்று ஜெபம் பண்ணினாள். ஜெபமா அது, சண்டை. “ஆண்டவரே, உம்மட பேரச் சொல்லி உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யச் சொல்றாங்க. நீரும் அதுக்குச் சம்மதமா?” என்று கேட்டாள். இத்தனை நாளும் பாஸ்டர் சொன்னால் அவளுக்குக் கர்த்தர் சொன்ன மாதிரி. அயலவனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு விரல் மடித்துப் படிப்பிக்கிறவள் அவள்தான். அந்த விரல் இப்போது அவள் பக்கமே நீண்டது. அடுப்பில் கறி அடிப்பிடித்தது. அவள் தாளை அடுப்புக்குள் வைத்தாள்.

ஞாயிறு காலை கொழும்பிலிருந்து ஓர் ஐயாவும் அம்மாவும் கமராவோடு வந்திருந்தார்கள். இருவரும் சிங்களவர், தமிழ் தெரியாது. பாஸ்டர்தான் மொழிபெயர்த்தார். சுஜித்தா எழும்பி, வெள்ளத்தையும் சாவியையும் முபீனின் இரத்தத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். பாஸ்டரின் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு சிரித்துக்கொண்டே விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் சிங்களப் பெண்களோடு நாலு வருடம் தைத்தவள் சுஜித்தா. அதை அவளிடம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பாஸ்டரின் சிங்களத்தில், முஸ்லிம் ஆட்கள் கம்பிகளோடு வந்தார்களாம். இந்தச் சகோதரி ஒளிந்திருந்து நடுங்கினாளாம். இன்றைக்கும் பயந்து பயந்துதான் வாழ்கிறாளாம். அந்த அம்மா கண்ணைத் துடைத்தார். சபையில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்காவது சிங்களம் விளங்கும், எல்லாருக்கும் வெள்ளம் தெரியும். எல்லாரும் குனிந்து, தாங்கள் இருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுஜித்தாவுக்கு உச்சந்தலை கொதித்தது. என்ன மனிதர்கள் இவர்கள்!

அவள் போய்ப் பாஸ்டரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

“இவர் சொன்னது நான் சொன்னதில்லை” என்று சிங்களத்தில் தொடங்கினாள். தொழிற்சாலையில் பழகிய கொச்சைச் சிங்களம்தான், ஆனால் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. முபீன் யன்னலை உடைத்தது எங்கள் வேதத்தைக் காப்பாற்ற. அவனுடைய உம்மா அதைக் காயவைத்தார். உங்கள் மடியில் இருக்கிறதே, அந்தப் புத்தகமும் அவர் கையால் காய்ந்ததுதான்.

அந்த அம்மா மடியில் இருந்த புத்தகத்தைத் திறந்தார். தாள்களின் ஓரமெல்லாம் சேற்றுக் கறை. ஐயா எழுந்து கமராவை நிறுத்தினார்.

“ஊழியக்காரன அவமானப்படுத்திட்டீங்க” என்று பாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். “இனி உங்களுக்கு இந்தச் சபையில இடமில்ல. வெளியால போங்க.”

சுஜித்தா மைக்கை அவர் கையில் திருப்பி வைத்தாள்.

“நான் ஏன் போகணும்? மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆள் நானில்ல, பாஸ்டர். முபீன் வீட்டுலதான் இருக்கான். பத்து எட்டு வெச்சாப் போதும். நீங்க போயிட்டு வாங்க, அதுவரைக்கும் நாங்க பாடிக்கிட்டு இருக்கம்.”

பாஸ்டர் அசையவில்லை. அவள் தன் பாயில் போய் உட்கார்ந்து, கையைத் தட்டிப் பாட்டைத் தொடங்கினாள். முதல் இரண்டு அடியையும் தனியாகத்தான் பாட வேண்டியிருந்தது. பாடினாள்.