வெங்காயத்தாள் தின்ற பசு

கொத்தனாருக்குக் கல்லும் சாந்தும் அத்துப்படி. மாடு அப்படியில்லை. கட்டட வேலை நின்றுபோன அதே வாரம் மனைவிக்குப் பால் நிலையத்தில் பரிசோதகர் வேலை கிடைத்துவிட, பசு அவர் தலையில் விழுந்தது. "மாடு என்ன பெரிய மாளிகையா? பாத்துக்கலாம் போ" என்று மார்தட்டினார் மனுஷன்.

அன்றுதான் முதன்முதலாகத் தனியாளாகக் கறந்தார். முழுசாக ஆறு லிட்டர்! நிலையத்து வரிசையில் கேனோடு நின்றபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வரிசையில் நின்றவர்களுக்கு வேறு கவலை. எல்லார் வீட்டுப் பாலும் ஒரே தொட்டியில்தான் சேரும். ஒரு கேன் கெட்டிருந்தால் ஊர்ப்பால் மொத்தமும் திரும்பி வந்துவிடும். புதுப் பரிசோதகர் தன் வீட்டுப் பாலைக் கறாராகப் பார்ப்பாளா? ஆளாளுக்குக் கழுத்தை நீட்டினார்கள்.

அவள் மூடியைத் திறந்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"மாட்டுக்கு என்னங்க போட்டீங்க?"

"பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வெங்காயத்தாள் ஒரு கட்டு குடுத்தாரு. நம்ம சாணி போட்டு வெளைஞ்சதாம். என்னமா தின்னுச்சு தெரியுமா!"

"எப்போ போட்டீங்க?"

"கறக்கறதுக்கு முன்னாடி."

போச்சுடா! கறந்த பிறகு போட்டிருந்தால் ஒன்றுமில்லை. முன்னால் போட்டால் வாடை நேரே பாலில் இறங்கிவிடும். மாடு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இது தெரியும், கொத்தனார் ஒருவரைத் தவிர.

"எடுக்க முடியாதுங்க" என்று கேனை அவர் பக்கம் தள்ளினாள். மூடியைத் திருகி இறுக்கினாள். "அடுத்தவங்க வாங்க."

கொத்தனாருக்கு முகம் செத்துவிட்டது. ஊரே பார்க்க, கட்டினவளே இப்படிச் செய்துவிட்டாளே! கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது பின்னால் வரிசையில் நின்ற எருமைக்காரம்மா ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது: "இனிமே நாம நிம்மதியாப் பால் ஊத்தலாம்."

கோபம் பாதி வழியிலேயே ஆறிப்போயிற்று. கன்றுக்குட்டிக்கு அன்று கொண்டாட்டம். மிச்சப் பாலில் டீ போட்டு வைத்திருந்தார். வேலை முடிந்து தயங்கித் தயங்கி வந்தவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதையும் எடுக்க முடியாதுங்க."

இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் கறந்து முடித்த பிறகே தாளைப் போட்டார். அவள் மோந்தாள், அளந்தாள், தொட்டியில் ஊற்றினாள்.

"அடுத்தவங்க வாங்க."

கொத்தனார் நகரவே இல்லை. அந்தப் பெரிய தொட்டியில் தன் ஆறு லிட்டர் எங்கே கலந்தது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.