சீனிக்கு ஒரு மூலை

ஏலத்தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டின் சமையலறை மூலையைச் செல்வலட்சுமி மூன்று நாளாகத் தயார் செய்தாள். ஏலக்காய்ச் சாக்கை மடித்துத் தைத்துப் படுக்கையாக்கினாள். பின்கதவின் அடியில் இருந்த இடைவெளியைப் பலகை வைத்து அடைத்தாள். வரப்போகும் நாய் வீட்டுக்குள்தான் படுக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன், வாசலில் கட்டியிருந்த அவள் நாய் சீனியைப் புலி தூக்கிப் போய்விட்டது. விடிந்ததும் அவள் கணவன் பொன்ராஜ்தான் அறுந்த கயிற்றைக் கொண்டுவந்து காட்டினான். அதை உள்ளே சேர்க்காதது தன் பாவம் என்று நினைத்து, செல்வலட்சுமி அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலில் அந்த வாயில்லா உயிருக்காக ஒரு விளக்கு ஏற்றிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பொன்ராஜின் ஜீப்பில் நாய்க் காப்பகத்துக்குப் போனார்கள். அதை நடத்தும் ஜோமோன் ஒரு படிவத்தோடு உட்கார்ந்தான்.

"சேச்சி, லைன் வீட்டுக்குப் பெரிய நாய் வேண்டா. ஓட இடமில்லாம சங்கடப்படும். பகல்ல ஆளுண்டோ?"

"ஏலக்காட்டு வேலை முடிஞ்சு மூணு மணிக்கு வந்துருவேன்."

"அப்ப வயசான, சாதுவான ஒண்ணு போதும். முன்னாடி வளர்த்த நாய் என்னாச்சு?"

"புலி தூக்கிருச்சு," என்று பொன்ராஜ் முந்திக்கொண்டான். ஜோமோன் எழுதிக்கொண்டு கூண்டைத் திறந்தான்.

செம்பழுப்பு நாய் ஒன்று எழுந்தது. சீனி முன்பு அடுப்பில் சுட்டுக்கொண்டது போலவே அதன் இடது காது நுனி கருகியிருந்தது. செல்வலட்சுமி கூண்டருகே குனிந்தாள்.

"சீனி?"

அது முனகிக்கொண்டே ஓடிவந்து அவள் மேல் தாவியது. பொன்ராஜைக் கண்டதும் வாலை ஒடுக்கி அவள் பின்னால் ஒளிந்துகொண்டது. அவள் நாயையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க... அப்ப புலி?"

பொன்ராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப இருந்த எஸ்டேட் சூப்பர்வைசர் நாயை ஒழிச்சுக் கட்டுன்னாரு. சொன்னா நீ விடமாட்டே. நான்தான் கயித்த அறுத்துப் போட்டுட்டு, ஜீப்புல கொண்டுபோய்ச் சந்தையில விட்டேன். உங்கிட்டச் சொல்லிரணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ விளக்குப் போட ஆரம்பிச்சுட்டே."

"மூணு வருஷம்ங்க. நாந்தான் கொன்னேன்னு..." அவள் நாயை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஜோமோன் பேனாவை மூடினான். "தெருவுல விட்ட ஆளுக்குத் திரும்பக் கொடுக்கமாட்டோம். அதான் இங்க நியமம்."

செல்வலட்சுமியின் விரல்கள் நாயின் கழுத்தில் இறுகின. பொன்ராஜ் கைகூப்பினான்.

"நியாயந்தான் சாரே. என் பேரை அடிச்சிருங்க. அவ ஒரு தப்பும் பண்ணல."

ஜோமோன் எழுதிய படிவத்தைக் கிழித்தான். பிறகு புதிய படிவம் எடுத்தான்.

"சேச்சி பேரு சொல்லுங்க."

சொன்னாள்.

"முன்னாடி வளர்த்த நாய்க்கு என்ன எழுத?"

"உயிரோட இருக்குன்னு எழுதுங்க."

திரும்பும் வழியில் பொன்ராஜ் ஒரு பன் வாங்கி, பிய்த்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். சீனி வெகுநேரம் முகர்ந்தது. பிறகு தின்றது, கையையும் நக்கியது. அவன் கண்கள் கலங்கியதைச் செல்வலட்சுமி பார்த்தாள்.

"இன்னிக்கு இது உள்ள படுக்கும்," என்றாள். "நீங்க வாசல்ல."

"புலி வருமே, லட்சுமி."

"வரட்டும். விடிஞ்சதும் அறுந்த கயிறு கிடக்கான்னு பாக்குறேன்."