இடது பக்கச் சத்தம்

ஜெபினின் காரில் இரண்டே இருக்கைகள். அதில் ஒன்று கூடுதல்.

சிவப்பு நிறம். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையை ஒட்டி, அது மணிக்கு நான்கு கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. மீதி இருநூற்று நாற்பத்தாறையும் ஜெபின் மனசுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டான்.

பிரேக்கை மிதித்தான். கீ...ச்.

பக்கத்து டிரெய்லரின் டிரைவர் இடது ஜன்னலுக்கு நகர்ந்து இடுப்புவரை வெளியே வந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"இன்னா தலிவா, உள்ள எலி கிலி மாட்டிகிச்சா?"

"பிரேக் அண்ணே."

"அது தெரியுது. மூணு வாரமா உன்ன நான் கண்ணால பாத்ததில்ல, காதாலதான் பாத்துகினு கீறேன். திருவொத்தியூர் போ. ரமாபாய்னு ஒரு அம்மா லாரி பிரேக்குக்கு லைனர் அடிக்கும். அது கைல காட்டு."

ஸ்போர்ட்ஸ் காரை லாரி பட்டறையில் காட்டுவதா என்று ஜெபினுக்குக் கொஞ்சம் கௌரவம் தடுத்தது. ஆனால் கௌரவமான இடங்களை அவன் முடித்துவிட்டிருந்தான். பெரிய சர்வீஸ் சென்டரில் காபி கொடுத்து, "ஸ்போர்ட்ஸ் கார்னா கொஞ்சம் சத்தம் இருக்கும் சார், அது வண்டியோட கேரக்டர்" என்றார்கள். அடுத்த மெக்கானிக், "எந்தப் பக்கம் சத்தம் வருது?" என்று கேட்டார். ஜெபின் "வலது பக்கம்" என்றான். வலது பக்கத்துக்கு வெளிநாட்டுப் பிரேக் பேடு வரவழைத்துப் போட்டார். வண்டி அதே கேரக்டரோடு திரும்பி வந்தது.

ஜெபினுக்கு வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் நாசரேத் பக்கம். அப்பாவுக்கு வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். ராயபுரத்தில் கீழே குடோன், மேலே ஜெபின். முதலில் சித்தப்பா குடும்பத்தோடுதான் இருந்தான். சித்தப்பா ஊரோடு போன பிறகு இரண்டு வருஷமாகத் தனி. ஆறு மணிக்கு ஆட்கள் மூட்டையை அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகு குடோனில் ஜெபினும் நானூறு மூட்டை மிளகாயும். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் மூன்று தும்மலுக்கு மேல் தங்கியதில்லை. ஜெபினுக்கு மட்டும் தும்மல் வருவதில்லை. அது எப்போது நின்றது என்று அவனுக்கே ஞாபகமில்லை.

தனியாக பைக்கில் போகிறவனைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள், தனியாக ஸ்போர்ட்ஸ் காரில் போகிறவனைப் பொறாமையாகப் பார்ப்பார்கள். ஜெபின் பொறாமையைத் தேர்ந்தெடுத்தான். செகண்ட் ஹேண்டில்.

கார் வாங்கியதில் கிடைத்த ஒரே லாபம் 'சண்டே த்ராட்டில்' என்ற வாட்ஸப் குழு. அறுபத்திரண்டு பேர். ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குத் திருவான்மியூரில் கூடி, மாமல்லபுரம் வரை வரிசையாகப் போய், ஒரே நீள மேசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். ஜெபின் ஒரு தடவைதான் போனான். சிக்னலுக்குச் சிக்னல் அவன் கார் கத்தியதில் பொங்கல் முழுக்க அந்தப் பேச்சாகவே போனது. மறுநாள் ஒருவர் குயில் படம் போட்டார். இன்னொருவர் அந்தக் குயிலுக்குச் சக்கரம் வரைந்து போட்டார். அட்மின் மட்டும் பொறுப்பாக எழுதினார்: "ப்ரோ, பிரேக்க சரி பண்ணிட்டு வாங்க ப்ரோ. காது போவுது."

சரி பண்ணிவிட்டு வா என்றால், சரி பண்ணினால் வரலாம் என்று அர்த்தம். ஜெபின் அதை அப்படித்தான் படித்தான். இரண்டு வருஷத்தில் அவன் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே காலைச் சாப்பாடு அந்தப் பொங்கல். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் போயாக வேண்டும்.

சனிக்கிழமை மதியம் திருவொற்றியூர் போனான். தகரக் கொட்டகை. வாசலில் டிரெய்லர் சக்கரங்கள் ஆளுயரத்துக்கு நின்றன. ரமாபாய்க்கு நாற்பத்தைந்து இருக்கும். முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"மீதி எங்க?"

"இவ்வளவுதான்க்கா வண்டி."

"எந்தப் பக்கம் கத்துது?"

"வலது பக்கம்."

"யாரு சொன்னா?"

"நான்தான். நல்லாக் கேக்குமே."

"நீ ரோட்ல இடது ஓரமா வர. உனக்கு வலது பக்கம் பூரா கன்டெய்னர் நிக்குது. இங்க கத்துனா அங்க போயி இட்ச்சி உன் காதுக்குத் திரும்பி வருது. உன் காத நம்பி பேடு மாத்துனவன் யாரு?"

ஜெபின் வலது சக்கரத்தைப் பார்த்தான்.

"பக்கத்து சீட்ல குந்தினவங்க இன்னா சொன்னாங்க?"

"யாரும் உக்காந்ததில்லக்கா."

"வண்டி வாங்கி எத்தினி நாளு?"

"பதினாலு மாசம்."

ரமாபாய் இடது கதவைத் திறந்தாள். அந்த இருக்கையின் மேல், விற்றவர் புது உறை தைத்தபோது போட்ட பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. பர்ரென்று கிழித்து எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தும்மினாள்.

"இன்னாடா இது, வண்டி மொளகா பெட்ரோல்ல ஓடுதா?"

"குடோன் வாசனைக்கா. சாரி."

"சரி எடு. மெதுவா போ. நான் கைய தட்டுனா மிதி."

பட்டறைக்குப் பின்னாலிருந்த சந்தில் போனார்கள். அவள் கையைத் தட்டினாள். கீ...ச். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இன்னொரு தடவை தட்டினாள். கீ...ச்.

"இடது முன்னாடி. செவுட்டுப் பொணத்துக்குக்கூடத் தெரியும்."

ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். வலது சக்கரத்தை முதலில் கழற்றினாள். வெளிநாட்டுப் பேடு பளபளவென்று, செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தது. பிறகு இடது சக்கரம். அதைக் கழற்றியதும் ரமாபாய் கொஞ்ச நேரம் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிஸ்கின் விளிம்பில் துரு வரப்பு கட்டியிருந்தது. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர இரண்டு பின் உண்டு. அவற்றில் ஒன்று உப்புப் பூத்து இறுகிப்போயிருந்தது. பிரேக்கை விட்டாலும் பேடு பின்வாங்காமல் தேய்ந்துகொண்டே இருந்து, கண்ணாடி மாதிரி வழவழத்துவிட்டிருந்தது. இடுக்கில் ஒரு மிளகாய்க் காம்பு வேறு.

"வலது பக்கம் இப்டி இல்ல. ஒரே வண்டிதான, ஒரே ரோடுதான?" ரமாபாய் காம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "வண்டிய எங்க வுடற?"

"குடோன் சந்துல. சந்து சின்னதுக்கா. செவுத்த ஒட்டி விட்டாத்தான் லோடு வண்டி உள்ள போகும்."

"எந்தப் பக்கத்த ஒட்டி?"

"இடது பக்கத்த. வலது பக்கம் நான் எறங்கணும்ல."

"இடது பக்கம் எறங்க ஆளே இல்ல. அதான செவுத்தோட செவுரா ஒட்டிட்ட. அந்தச் செவுரு உப்பு பூத்து ஒழுவும். ராயபுரத்துல எந்தச் செவுரு ஒழுவாம கீது? தண்ணி அடிச்சி கழுவுனாலும் வலது பக்கம் மட்டும். பதினாலு மாசம் ஒரு பக்கத்துக்கு வெய்யிலும் இல்ல, கழுவுற தண்ணியும் இல்ல, மனுசாள் கையும் இல்ல. கத்தாம இன்னா பண்ணும்?"

ஜெபின் மிளகாய்க் காம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேறெங்கே போடுவதென்று தெரியவில்லை.

பின்னைத் தட்டித் தட்டி உருவினாள். எமரித் தாளால் தேய்த்து, புது ரப்பர் போட்டு, சூடு தாங்கும் கிரீஸ் தடவி உள்ளே விட்டாள். ஒற்றை விரலால் தள்ளினால் நகர்ந்தது. டிஸ்கின் துரு வரப்பை அரத்தால் எடுத்தாள். பேடின் வழவழப்பைத் தரையில் விரித்த எமரியில் வட்டமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஓரங்களைச் சரிவாக அராவினாள். "லாரிக்கும் இதான், உன் தகர டப்பாக்கும் இதான். ஓரம் கூரா இருந்தா கத்தும்."

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, "முடிஞ்சிதாக்கா? நாளைக்குக் காலைல ஃப்ரெண்ட்ஸோட மாமல்லபுரம் போகணும்" என்றான்.

"தேச்ச பேடும் டிஸ்கும் இன்னும் பழகல. அறுபதுல போயி பத்துக்கு வரணும். நிக்கக் கூடாது. நின்னா சூட்டுல ஒட்டிக்கும். முப்பது தபா. நான் எண்றேன், நீ ஓட்டு."

மாத்தூர் பக்கம் ஒரு காலி ரோடு இருந்தது. அறுபது, பத்து. அறுபது, பத்து. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் முன்னால் சாய்ந்து, பின்னால் வந்தார்கள். ரமாபாய் எண்ணினாள். நடுநடுவே தும்மினாள். தும்மலில் ஒரு எண் தவறிப்போய், பதினொன்றை இரண்டு தடவை ஓட்டினார்கள். டீக்கடை வாசலில் பெஞ்சில் இருந்த ஒருவர், நான்காவது தடவை கடக்கும்போது எழுந்து நின்றே கேட்டார்:

"இன்னா நைனா, அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கத்துத் தரியா, இல்ல அம்மாவ பயமுறுத்தறியா?"

"ரெண்டுமில்ல, பிரேக்குக்குப் பாடம்!" என்று ரமாபாய் கத்தினாள். அடுத்த சுற்றுக்கு அவர் பெஞ்சிலிருந்த எல்லோரையும் எழுப்பிக் கைதட்ட வைத்தார்.

ஜெபின் சிரித்துக்கொண்டே அறுபதைத் தொட்டான். காருக்குள் இன்னொருவர் இருந்தால் கண்ணாடியில் ஆவி படியும், ஏசியைக் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பது முடிந்ததும், "இன்னும் பத்து போலாமாக்கா? நல்லா பழகட்டும்" என்றான்.

"ரொம்பப் பழகுனா தேஞ்சிடும். பட்டறைக்கு வுடு."

வழி நெடுக சிக்னல்களில் பிரேக் ஒரு மூச்சுக்கூட விடவில்லை. பட்டறை வாசலில் அவள் இறங்கியதும் கதவு சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கே ஜெபின் திருவான்மியூரில் நின்றான். கழுவிய கார். இடது பக்கமும் கழுவிய கார். ஐந்தே முக்கால் ஆனது. ஆறு ஆனது. நாய்களோடு நடக்கிறவர்கள் வந்தார்கள், நாயில்லாமல் நடக்கிறவர்கள் வந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுகூட வரவில்லை. ஒருவேளை எல்லோரும் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு அவ்வளவு அமைதியாக வருகிறார்களோ என்று ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்தான். ஆறரைக்குக் குழுவில் எழுதினான்: "வந்துட்டேன். சத்தம் சரியாயிடுச்சு."

அறுபத்திரண்டு பேரில் ஒருவரும் பதில் எழுதவில்லை. ஏழு பத்துக்கு அட்மின் எழுதினார்.

"ப்ரோ, இந்த வாரம் எல்லாரும் ஏலகிரி வந்துட்டோம். வேற க்ரூப்ல பேசிக்கிட்டோம். உங்கள ஆட் பண்ணலியா? ஸாரி ப்ரோ. இப்பவே பண்ணிடறேன்."

எட்டு மணி வரைக்கும் அந்த 'இப்பவே' வரவில்லை. நடுவில் ஒருவர் ஒரு நீள மேசையின் படம் போட்டார். போட்ட வேகத்தில் அழித்தும்விட்டார். அழிப்பதற்குள் ஜெபின் நாற்காலிகளை எண்ணிவிட்டிருந்தான்.

போனை எடுத்து, பட்டறைச் சீட்டில் இருந்த நம்பருக்கு அடித்தான்.

"அக்கா, ஜெபின் பேசறேன். நேத்து வந்தேனே, சிவப்பு வண்டி."

"தெரியிது. தும்மல் இன்னும் நிக்கல. இன்னா?"

"வலது பக்கம் லேசா ஒரு சத்தம் கேக்குதுக்கா."

"முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டும்."

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினாள்.

"வண்டி ஓடிகினு கீதா?"

"இல்ல. நிக்குது."

"இஞ்சினு?"

"ஆஃப்."

"இப்பவும் கேக்குதா?"

ஜெபின் கொஞ்சம் யோசித்தான். அலைகூட அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

"கேக்குதுக்கா."



"உன் தோஸ்துங்க யாரும் வர்லியா?"

"ஏலகிரி போயிட்டாங்க."

"அது எங்க கீது?"

"வாணியம்பாடி தாண்டி."

"ம்." குழாய் மறுபடி திறந்தது. "நான் வவ்வா மீன் ஆஞ்சிகினு கீறேன்."

"வீட்ல எத்தன பேருக்கா?"

"நானும் மீனும்." கத்தி பலகையில் படும் சத்தம் வந்தது. "கை ரெண்டும் ஈரம். போன ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன். நீயே வச்சிடு."

"சரிக்கா."

ஜெபின் வைக்கவில்லை. இருக்கையைச் சாய்த்து, போனை டேஷ்போர்டில் நிமிர்த்தி வைத்தான். செதில் உரசும் சத்தம். ஏதோ பூனையை, "த்தூ, போ அந்தாண்ட" என்று விரட்டும் சத்தம். பாத்திரம். குழாய். நடுவில் ஒரு தும்மல். அவள் வந்து எட்டிப் பார்த்திருப்பாள், இணைப்பு இருப்பது தெரிந்திருக்கும். அவளும் வைக்கவில்லை.

நாற்பது நிமிஷம் கழித்து சார்ஜ் தீர்ந்து போன் தானாக அணைந்தது. அதற்குள் குழம்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது.